ஆத்தா குடியிருந்த வீடு

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஒரு வீட்டு வாசல். இரும்புக் கேட்டின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை. நான் விட்டு வந்த வேலையில் இப்போது இருக்கும் சிஸ்டர் கீழே எழுதியிருந்தாள்: "மேடம், நுரையீரல் பேஷண்ட். மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. அம்மை போட்டிருக்குன்னு மாத்திரைய நிறுத்திட்டாங்க. என்னை உள்ளயே விட மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?"

முதலில் சிரித்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல ஒண்ணு செய். கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லித் தொலைக்காதே" என்று பதில் அனுப்பினேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். விளையாட்டில்லை. ஏன் என்று போனில் தட்டிக்கொண்டிருந்தால் என் கட்டைவிரல் தேய்ந்துவிடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நாங்கள் வேதக்காரக் குடும்பம். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். காஞ்சிபுரத்தில் நர்சிங் படித்தேன். படித்ததைவிட, படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்காததற்குத் திட்டு வாங்கியதுதான் ஞாபகம் இருக்கிறது. பிறகு பிரசவ வார்டு, ஆண்கள் வார்டு, பாம்புக்கடி, விஷம் குடித்தவர்கள் என்று சர்வீஸ் ஓடிவிட்டது. கடைசிச் சில வருஷங்கள், உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஜீப்பில் போய், படுக்கையில் விழுந்தவர்களையும் புற்றுநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுகிறவர்களையும் பார்க்கும் வேலையில் போட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வார்டில் வைத்துக் கட்டி மாரடிக்க முடியாமல்தான் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். இருக்கலாம். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்குக் காரணம் எங்கள் டாக்டரம்மா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்தவர். அவர் பேசும் தமிழைக் கேட்டு எங்கள் ஜனங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நோயாளி உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். நோயாளி படுத்திருந்தால் தரையில் சம்மணம் போட்டுவிடுவார். அவசரம் என்பதே கிடையாது. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தால், "அந்தத் தம்பிக்குப் பசிக்குது போல, போய்ச் சாப்பிடச் சொல்லுங்க ஸ்டெல்லா" என்பார்.

அவர் எனக்குப் பழக்கிய முறை ஒன்று உண்டு. வீட்டுக்குள் போனதும் மருந்துப் பேச்சை எடுக்கக் கூடாது. முதலில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்லும்போது மூச்சைக் கவனிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்புறம் உதட்டு நிறம், நகம், விரலில் மாட்டும் கிளிப்பு, முதுகில் ஸ்டெதாஸ்கோப், கால் வீக்கம், வயிற்றுப்போக்கு, தோல். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, மோரோ காப்பியோ வாங்கிக் குடித்த பிறகு, கிளம்பப்போகிறவள் போல எழுந்து நின்று, "மாத்திரை எப்படிப் போகுது?" என்று கேட்க வேண்டும். முதலிலேயே கேட்டால் நம் மனம் நோகக் கூடாது என்பதற்காகப் பொய் சொல்லிவிடுவார்கள். "அந்தப் பொய்யும் பிரியத்துலதான் ஸ்டெல்லா, ஆனா அதை வச்சிக்கிட்டு வைத்தியம் பாக்க முடியாதுல்லா" என்பார்.

நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது என்றால் முன்பெல்லாம் எங்களுக்குக் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அதிக வேலை இருக்காது. பிறகு இந்த மாத்திரைகள் வந்தன. எல்லோருக்கும் அல்ல, சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்து, பொருந்துகிறவர்களுக்கு மட்டும். தினம் ஒன்று. நோயை ஒழித்துவிடாது, அடக்கி வைக்கும். எத்தனை காலத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரை சாப்பிடுவது என்றால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது என்று நினைக்கிறவர்கள் என்னோடு ஒரு நாள் ஜீப்பில் வந்திருக்க வேண்டும். மானாம்பதி ரோட்டில் நெல்லும் கரும்பும் போட்ட பெரிய விவசாயி ஒருவர் இருந்தார். புற்றுநோய் என்று தெரிந்தால் டீக்கடையில் தன் டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள் என்று பயந்து, பி.பி. மாத்திரை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பிய பக்கத்து நிலத்துக்காரர், "எனக்கும் பிரஷர்தான், ஒண்ணு குடேன்" என்று கேட்க, மறுக்க முடியாமல் இவர் கொடுத்தும்விட்டார்! வாங்கித் தின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழனிப் பக்கம் ஓடிய ஓட்டம் அந்த ஊருக்கே தெரியும். லாரி ஓட்டுகிற இன்னொருவர், இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "ஊரு வந்து சேந்தாச்சி, அப்பால எதுக்கு வண்டிய ஆஃப் பண்ணாம வச்சிக்கினு?" என்றார். நான் கத்திய கத்தலில் அவருடைய மனைவி எனக்கே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவர்கள் எல்லோரையும் திட்டியிருக்கிறேன். இவர்களில் ஒருவரையும் மறக்கவில்லை.

ஆனால் வேப்பிலை என்றால் எனக்குக் கன்னியம்மாதான்.

உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் காலனியில் அவள் வீடு. நடவும் களையெடுப்பும்தான் வேலை. பீடி, சுருட்டு என்று எதையும் தொட்டவள் இல்லை. "பொகையே புடிக்காதவளுக்கு இது எப்பிடி வந்துச்சி?" என்று அவள் புருஷன் ஏழுமலை என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். எனக்குப் பதில் தெரியாது. டாக்டரம்மாவும் தெரியாது என்றே சொன்னார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல் வந்தவளுக்கு நீரை எடுத்து, சோதனையெல்லாம் செய்து பார்த்ததில் மாத்திரை பொருந்தியது. மாத்திரையைக் கையில் கொடுத்தபோது, "இதைச் சாப்பிட்டு என்ன செய்யணும்னு ஆசை?" என்று டாக்டரம்மா கேட்டார். எல்லோரிடமும் கேட்பார். பெண்ணுக்குக் கல்யாணம், பேரப்பிள்ளை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

கன்னியம்மா யோசிக்கவே இல்லை. "ஆடி மாசம் எல்லையம்மனுக்குக் கூழு காச்சணும். தெருவுக்கே எங்க வூட்டு அண்டாலதான். துடுப்பு நான்தான் புடிப்பேன். போன வருசம் மூச்சு வாங்கினு பாதியில குந்திட்டேன். இந்த வருசம் அடிப்புடிக்காம முழுசா கிண்டணும்" என்றாள்.

அண்டாக் கூழைக் கிண்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கேழ்வரகு மாவு கெட்டிப்படும்போது துடுப்பைத் திருப்ப ஆண்பிள்ளைகளே திணறுவார்கள். டாக்டரம்மா கன்னியம்மாவின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிண்டிருவோம்" என்றார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அடுத்த தடவை போனபோது கன்னியம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பேச்சு நடுவில் அறுபடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கடுத்த தடவை போனால் வாசல் மூங்கில் படலில் வேப்பிலை.

படலுக்குப் பின்னால் ஏழுமலையின் அக்கா குப்பம்மா நின்றிருந்தாள். அந்தத் தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் குப்பம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதைச் சாப்பிடலாம், யார் உள்ளே வரலாம் எல்லாம் அவள் சொல்வதுதான் சட்டம்.

"அங்கயே நில்லு சிஸ்டரம்மா. ஆத்தா வந்துகீறா."

"எங்க வந்துகீறா? நான் பாக்கணும்."

"வெளியிலேருந்து வந்தவங்க உள்ள வரக் கூடாது. மூஞ்சி பூரா முத்து போட்டுகீது. மாருலயும் கீது, முதுவுலயும் கீது. மாத்திரை மருந்து ஒண்ணியும் குடுக்கல."

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பல பேருக்கு முகத்திலும் மார்பிலும் பொரிப்பொரியாகக் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லியும் இருந்தோம். ஆனால் 'கொப்புளம் வரலாம்' என்று நாங்கள் சொன்னது அவர்கள் காதில் கொப்புளமாகத்தான் விழுந்தது. வந்தது முத்து. முத்து போட்டால் அது ஆத்தா. ஆத்தா இருக்கிற வீட்டில் மருந்து கொடுப்பது அவளை அவமதிப்பது. இந்தக் கணக்கில் எங்கேயும் தப்பில்லை. ஆனால் மாத்திரை நின்றுவிட்டது.

"அது ஆத்தாளும் இல்ல, கீத்தாளும் இல்ல, மாத்திரையால வந்தது!" என்று என் வாய் முந்திக்கொண்டது. குப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து கன்னியம்மாவின் குரல், "அக்கா, அப்பிடி சொல்லாதக்கா, நீ நல்லா இருக்கணும்" என்றது. எனக்கு வந்த கோபத்தில், "சரி, போயிட்டு வரேன்" என்று திரும்பினேன்.

"அய்ய! சொல்லிக்காத!" என்று குப்பம்மா பதறிவிட்டாள். "ஆத்தா கீற வூட்ல சொல்லிக்காம போவணும். போயிட்டு வரேன்னா அவளும் போயிட்டுத் திரும்பி வருவா. இது கூட தெரியாதா உனுக்கு?"

மறுநாள் டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினார். ஆனால் படலைத் தாண்டவில்லை. வெயிலில் நின்றபடியே, "அம்மன் என்னைக்கு வந்தாவ?" என்று குப்பம்மாவிடம் கேட்டார்.

அந்த மரியாதையில் குப்பம்மா கொஞ்சம் இளகினாள். டாக்டரம்மா நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். முத்து முதலில் எங்கே போட்டது, மூக்கிலா கன்னத்திலா? காய்ச்சல் உண்டா? வயிற்றிலும் காலிலும் இருக்கிறதா? நீர் கோத்த முத்தா, சீழ் வைத்த முத்தா? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? குப்பம்மா உள்ளே போய்ப் பார்த்து வந்து வந்து பதில் சொன்னாள். வார்டு டியூட்டி நர்ஸ்கூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்லமாட்டாள். கடைசியில் கன்னியம்மாவே வாசற்படி வரைக்கும் வந்து, முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். மாத்திரையால் வந்ததுதான், சந்தேகமே இல்லை.

"தண்ணி என்னைக்கு ஊத்துவீங்க?"

"முத்து எறங்கணும். மூணு தண்ணி ஊத்தணும். அப்பால கோயிலுக்குப் போவணும்."

"சரி. மூணாந்தண்ணி ஊத்தின மறுநா காலையில மாத்திரை. நீங்களே உங்க கையால எடுத்துக் கொடுக்கணும். செய்வீங்களா?"

குப்பம்மா நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

ஜீப்பில் ஏறியதும், "நீங்களும் சேர்ந்து சாமியாட ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். "தோல் இவ்வளவு பொரிஞ்சிருந்தா நாமளே கொஞ்ச நா நிறுத்தி வைப்போம்லா? அதனால ஒண்ணும் குடி முழுகிப் போயிராது. படல்ல நின்னு சண்டை போட்டா மாத்திரை நம்ம கையில இருக்கும், அந்தப் பிள்ள உள்ள இருக்கும். பேசாம இருங்க ஸ்டெல்லா" என்றார். பேசாமல் இருப்பது எனக்கு வராத வித்தை. அன்று இருந்தேன்.

குப்பம்மா வாக்குத் தவறவில்லை. தண்ணீர் ஊற்றிய மறுநாள் அவள் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தாள். சில நாளில் முத்து மறுபடியும் கிளம்பிவிட்டது.

இந்தத் தடவை தெருவே கலங்கியது. ஒரு தரம் வந்து போன ஆத்தா உடனே திரும்பினால் கோபமாக வந்திருக்கிறாள் என்று அர்த்தம். குறி கேட்கப் போவதா, ஆடு நேர்ந்துகொள்வதா என்று ஏழுமலை அலைந்துகொண்டிருந்தார். மாத்திரையை ஏரியில் எறிந்துவிட வேண்டும் என்று குப்பம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் படலுக்கு வெளியே நின்றுகொண்டு, இனி இவள் பிழைக்கமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

கன்னியம்மா மெதுவாக நடந்து வெளியே வந்தாள். வேப்பிலையில் படுத்த கோடுகள் கையில் பதிந்திருந்தன. முகம் சிவந்து பொரிந்து கிடந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் குப்பம்மாவிடம். "படுத்துக்கினே யோசன பண்ணிக்கினு இருந்தேன். மொத வாட்டி ஆத்தா வந்தப்போ எனக்கு மூச்சு நல்லா வந்துச்சி. கொடம் தூக்கினு வந்தேன், நீயே பாத்தே. தண்ணி ஊத்தி முத்து எறங்கிச்சி, திருப்பியும் மூச்சு இஸ்துக்கினு போச்சி. இப்போ முத்து போட்டுகீது. இப்போ பாரு, எவ்ளோ பேசறேன், நடுவுல நிறுத்தினனா?"

குப்பம்மா குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அவ கோவமா வரல அண்ணி. என்னைக் காப்பாத்த வரா. இந்த மாத்திரைய துன்னாதான் வரா. அப்போ இது மருந்து இல்ல. அவளைக் கூப்புட்றதுக்கு வைக்கிற தாம்பூலம்."

நான் குறுக்கே பேசியிருந்தால் கெடுத்திருப்பேன்.

ஏழுமலைக்கு வேறு கவலை. "தெனம் மாத்திரை துன்னா தெனம் ஆத்தா வூட்ல இருப்பா. வருசம் பூரா தாளிக்காம, மீனு கருவாடு இல்லாம, ஒருத்தரையும் உள்ள விடாம எப்பிடிம்மா குடும்பம் நடத்தறது? பேஜாரா பூடுமே!"

இதற்குச் சட்டம் சொல்ல வேண்டியவள் குப்பம்மா. வேப்பமரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு சொன்னாள்: "விருந்தாளியா வந்தாதான் பத்தியம், மரியாதி எல்லாம். குடியிருக்க வந்தவளுக்கு இன்னா பத்தியம்? நம்மோட நம்மளா அவளும் கொயம்பு துன்னுவா. தாளி."

அன்று மத்தியானம் அந்த வீட்டில் கடுகு வெடித்த சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் சர்வீஸில் கேட்டதில்லை. ஆத்தா வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை உள்ளே விட்டு, கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முகத்துல பொரிஞ்சா மருந்து பிடிக்குதுன்னு டாக்டர்மார் நாங்களும்தான் நம்புதோம். அந்தப் பிள்ள அதைத்தானே சொல்லுது?" என்றார்.

அதன் பிறகு தினமும் காலையில் மாத்திரையை எல்லையம்மன் படத்துக்கு முன் வைத்து, குங்குமத்தைத் தொட்டு வைத்துவிட்டுத்தான் கன்னியம்மா வாயில் போட்டாள். பொரியைத் தணிக்க டாக்டரம்மா கொடுத்த களிம்பையும் படத்துக்கு முன் வைத்து வாங்கிக்கொண்டாள். ஆனாலும் சுலபமாக இல்லை. வயிற்றுப்போக்கு படுத்தியது. நகக்கண்ணெல்லாம் புண்ணாகி, சோற்றைப் பிசையும்போது கண்ணில் நீர் வரும். தோல் காய்ந்து அரிப்பெடுத்து ராத்திரியில் தூக்கம் போகும். "குடியிருக்க வந்தவ வாடகை குடுக்க மாட்டா போலகீது, நம்மகிட்டயே வாங்கறா" என்று சிரிப்பாள். கண் இமை முடி மட்டும் நீளமாக வளர்ந்து சுருண்டுகொண்டது. அதுவும் மருந்தின் வேலைதான். "இந்த வயசுல எதுக்குடி உனக்கு இவ்ளோ அழகு?" என்று நான் சீண்டினால், ஏழுமலை வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

என்னை உள்ளே விட்டார்கள், சாப்பாடு போட்டார்கள். ஆனால் சொல்லிக்கொண்டு கிளம்ப மட்டும் விடவில்லை. அதில் குப்பம்மா இறங்கி வரவேயில்லை. ஆத்தா இருக்கிற வீடு இருக்கிற வீடுதான். பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று எழுந்து, ஒன்றும் சொல்லாமல் நடந்து ஜீப்பில் ஏறிவிடுவேன். முதலில் திருடியைப் போல இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

ஆடி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக அங்கே போனேன். கோயில் முன்னால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மா மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகம் முழுக்க முத்தோடு, துடுப்பைப் பிடித்திருந்தாள். வெயிலும் அடுப்புச் சூடும் முகத்துக்கு ஆகாது, போய் நிழலில் நில் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பெண்கள் அவள் காலைத் தொட்டு வேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்கள். கூழ் கெட்டிப்பட்டு, கட்டியில்லாமல், அடிப்பிடிக்காமல் இறங்கும் வரைக்கும் அவள் துடுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. முதல் சொம்பை எனக்குத்தான் ஊற்றினாள். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தபோது நான் அழுதேன் என்று ஜீப் டிரைவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். வெங்காயத்தின் காரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷத்து ஆடியிலும் அவள்தான் கிண்டினாள்.

அது முடிந்து கொஞ்ச காலத்தில் முகம் தெளிய ஆரம்பித்தது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று குப்பம்மாகூட நிம்மதியாக இருந்தாள். கன்னியம்மா மட்டும் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து, "வழவழன்னு கீதுக்கா" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

நாளாக நாளாக முத்து தானாகக் குறைவது சகஜம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அது உண்மைதான், முகம் தெளிந்து பல வருஷம் நன்றாக இருந்தவர்களைப் பிற்பாடு நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கன்னியம்மாவுக்கு இருமல் திரும்பியது. ஸ்கேன் எடுத்ததில், நோய் மருந்துக்கு அடங்காமல் கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. வேறு மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அவள் உடம்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றாள். டாக்டரம்மா அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். இனி மாத்திரை வேண்டாம், மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மட்டும் மருந்து, அதற்கு ஸ்டெல்லா வருவாள் என்றார். கன்னியம்மா தலையாட்டினாள். அப்புறம் குப்பம்மாவைப் பார்த்து, "அப்போ ஆத்தாளை அனுப்பி வைக்கணுமே அண்ணி" என்றாள்.

ஆத்தா சும்மா எழுந்து போய்விடமாட்டாள். தண்ணீர் ஊற்றித்தான் அனுப்ப வேண்டும். முதல் இரண்டு தண்ணீரைக் குப்பம்மா ஊற்றினாள். மூன்றாவது தண்ணீருக்கு என்னை வரச் சொல்லி ஏழுமலை போன் செய்தார்.

நான் போனபோது வாசலில் பித்தளை அண்டா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கூழ் காய்ச்சிய அதே அண்டா. மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பிலை மிதந்தது. கன்னியம்மாவை ஒரு பலகையில் உட்கார வைத்து, ஏழுமலை பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை அகலத்துக்கு ஆகிவிட்டாள். இமை முடி மட்டும் அப்படியே நீளமாக இருந்தது.

குப்பம்மா சொம்பை என்னிடம் நீட்டினாள்.

நான் பின்வாங்கினேன். "நான் எப்பிடி ஊத்தறது? நான் வேதக்காரி."

"மாத்திரைய கொண்டாந்து குடுத்தது யாரு?" என்றாள் குப்பம்மா. "ஆத்தாளைக் கூட்டினு வந்தது நீ. கூட்டினு வந்தப்போ வேதக்காரின்னு சொன்னியா? கூட்டினு வந்தவதான் அனுப்பி வைக்கணும். ஊத்து."

கன்னியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். சொம்பில் மொண்டு, தண்ணீர் மூக்கில் ஏறிவிடாமல் நெற்றியில் கையை அணை கொடுத்து, மெதுவாக ஊற்றினேன். வார்டில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கம் கைக்கு இருந்தது. மனசுக்குள் எனக்குத் தெரிந்த ஜெபத்தைத்தான் சொன்னேன். வேப்பிலை ஒன்று அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிட்டேன். கன்னம் வழவழவென்று இருந்தது.

தலையைத் துவட்டி, புடவை மாற்றி, கட்டிலில் படுக்க வைத்தோம். குப்பம்மா படலில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டு போய் ஏரியில் விட்டு வந்தாள். மருந்தை எப்போது கொடுக்க வேண்டும், எப்படிச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும் என்று ஏழுமலைக்குக் காட்டிக்கொடுத்தேன். வேலை முடிந்தது. வழக்கம்போல் பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தேன்.

"அக்கா" என்று கூப்பிட்டாள் கன்னியம்மா. அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:

"இப்போதான் அவ பூட்டாளே. இப்போ சொல்லினு போலாம்."

நான் நிலைப்படியில் நின்றேன். அத்தனை நாள் அந்த வீட்டில் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.

"போயிட்டு வரேன் கன்னியம்மா."

"வாக்கா" என்றாள்.